எழுபத்திரண்டிலிருந்து அறுபதுக்கு

சந்தையில் காய்கறி ஏலம் கூவும் அந்த மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு மருத்துவமனை நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். ஜன்னல் வெயில் விழும் அவர் நெஞ்சில், மூன்று நாளைக்கு முன் குறைமாதத்தில் பிறந்த மகள் கவிழ்ந்து கிடக்கிறாள். மூக்கில் காற்றுக்குழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு விடைக்கிறது, விலாவுக்கடியில் குழி விழுகிறது, சின்னதாக ஒரு முனகல். அப்பாவின் முகமோ கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நர்ஸ் குனிந்து பார்க்கிறார். “ஐயா, நீங்க மூச்சு விடுறீங்களா இல்லையா?” “நெஞ்சு ஆடுனா குழாய் நழுவிடுமேன்னு அடக்கிட்டேம்மா.” “நல்லா இருக்கு! அப்புறம் உங்களுக்கும் ஒரு குழாய் மாட்டணும். நிதானமா விடுங்க, அப்பத்தான் அவளுக்கும் நிதானம் வரும்.” அவர் அசடு வழிந்தபடி மூச்சை விடுகிறார், நெஞ்சோடு சேர்ந்து மகளும் மெல்ல இறங்குகிறாள். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்கக் குழந்தையின் மூச்சை எண்ணுகிறார். “எழுபத்திரண்டு. காலையில எண்பது. சாயங்காலத்துக்குள்ள அறுபதுக்கு வரணும், இல்லேன்னா மூச்சு விட வைக்கிற பெரிய மெஷின்தான்.” விலையை ஏற்றிவிட்டே வயிறு வளர்த்த மனிதர் மகளின் உச்சந்தலையைப் பார்க்கிறார். “இறக்கிடலாம்மா,” என்று கிசுகிசுத்துவிட்டு, அடுத்த மூச்சை மெதுவாக, ஆழமாக இழுக்கிறார்.