ரெண்டுல ஒண்ணு

களத்தில் சாக்கு விரித்துப் பரப்பிய புளியின்மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தேவயானி கல்லில் புளியை வைத்துக் கொட்டை போகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய ஓரகத்தி பூங்கோதை, நிறைவயிற்றோடு காலை நீட்டிச் சாய்ந்திருக்கிறாள். பிள்ளையில்லாத இருவரும் ஒரே பஸ்ஸில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆளுக்கொரு கரு வைத்துக்கொண்டு மலைக்குத் திரும்பியவர்கள். தேவயானிக்கு வைத்தது தங்கவில்லை. பூங்கோதைக்கு வைத்த ஒன்றோ உள்ளே இரண்டாகப் பிரிந்து, ஒரே அச்சாக இரட்டைப் பிள்ளைகள் வளர்கின்றன. “யக்கா, ஒதைக்குது பாரு, கைய வையி.” தேவயானி வைக்கிறாள். சேலைக்கடியில் வயிறு கதகதக்கிறது. உள்ளங்கையில் ஓர் உதை விழுகிறது. கொஞ்சம் தள்ளி, விரல் நுனியில் இன்னொன்று. எனக்கும் ஒண்ணுதானே வெச்சாங்க என்று தொண்டைவரை வந்ததை எச்சிலோடு விழுங்குகிறாள். பூங்கோதை அவள் கன்னத்தைத் தொட்டு, “இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு கீற? ரெண்டுல ஒண்ணு ஒனக்குத்தான்க்கா” என்கிறாள். “எது?” பூங்கோதை கலகலவென்று சிரிக்கிறாள், வளையல்கள் குலுங்க. தேவயானி சிரிக்கவில்லை. “எதுன்னு சொல்லு” என்கிறாள் மறுபடியும். சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. பூங்கோதை முந்தானையை இழுத்து வயிற்றை மூடப் பார்க்கிறாள். மூட முடியவில்லை, தேவயானியின் கை அங்கேயே இருக்கிறது.