நான்காவது விசில்

மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்த பௌசியாவுக்குத் தன் வீட்டுக் கதவு திறக்கவில்லை. விரலை வைத்தாள். சாவியில்லாப் பூட்டின் சின்னத் திரையில் புதிய நிபந்தனைகள் ஓடின. கீழே ‘சம்மதம்’ என்று ஒரே ஒரு பொத்தான். உள்ளே அடுப்பில் குக்கர். தண்ணீர் குறைவாகத்தான் ஊற்றியிருந்தாள். பருப்புக்கு மூன்று விசில் போதும். இரண்டு ஆகியிருந்தது. அவள் நிபந்தனைகளைப் படித்தாள். பன்னிரண்டாவதில், வீட்டுக்குள் பேசுவதையெல்லாம் இனிமேல் பூட்டு கேட்டுக்கொண்டிருக்கும் என்றிருந்தது.

மூன்றாவது விசில் அடித்தது.

“அமுக்கிடு பௌசி. நாங்க காலையிலயே அமுக்கிட்டோம்,” என்றாள் எதிர்வீட்டுத் திலகா.

“படிச்சீங்களாக்கா?”

“அத யாரு படிக்கிறா?”

பௌசியா பன்னிரண்டாவதை வாசித்துக் காட்டினாள். திலகா தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இப்ப என்ன பண்ணப்போற?”

“உங்க தேங்கா அரிவாளக் குடுங்க.”

வெளிப்பக்கம் திறக்கும் கதவு. கீல்கள் வெளியே இருந்தன. அரிவாளின் முதுகால் ஆணிகளைத் தட்டினாள். மூன்றாவது ஆணி விழும்போது நான்காவது விசில் அடித்தது. இருவருமாகக் கதவைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்தார்கள். பௌசியா உள்ளே ஓடி அடுப்பை அணைத்தாள். பருப்பு தீய்ந்த வாடை.

சாய்ந்திருந்த கதவில் பச்சை விளக்கு எரிந்தது. “உங்கள் வீடு பத்திரமாகப் பூட்டப்பட்டுள்ளது,” என்றது பூட்டு.

பௌசியா அரிவாளைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். திலகா வாங்கவில்லை. தன் கதவின் முன்னால் நின்று, வாய் திறக்காமல், கீல்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.