இன்னொருத்தி

சட்டையின் முதுகில் 'லைஃப் கார்டு - உயிர்காப்பாளர்' என்று எழுதியிருந்தது.

அவள் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் மாநகராட்சி முத்திரை. மறுபடி முதுகைப் பார்த்தாள்.

அவள் சேர்ந்தது தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலைக்கு. வேதியியல் படித்தவள்.

நீந்தத் தெரியாது.

வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த நீச்சல்குளம் இன்று திறக்கிறது. பெண்களுக்கு இரண்டு புதிய வேலைகள் என்று வாசல் பேனரில் போட்டிருந்தார்கள். வந்ததிலிருந்து அந்த இன்னொருத்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் சகாயராஜிடம் கேட்டாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ரெண்டும் நீதாம்மா. பொம்பளையாளுவ குளிக்கும்போது பொம்பளையாளுதான் நிக்கணும்னு உத்தரவு. வேற யாரும் வரல. சும்மா விசில மாட்டிட்டு நில்லு. யாரு முங்கப்போறா?"

"சார், எனக்கு நீச்சல்..."

"அதெல்லாம் யாரு கேக்கா? இதுக்கு நீ நிக்கலன்னா அந்த வேலையும் போயிரும். பாத்துக்க."

சுடிதாருக்கு மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டாள். தொளதொளவென்று இருந்தது.

கம்பிக் கதவுக்கு வெளியே பெண்கள் வரிசை. முன்னால் நின்ற சிறுமி அம்மாவின் கையை விடவில்லை.

"ஏட்டி, அந்தா அக்கா நிக்காவல்லா. பின்ன என்ன பயம்?"

அவள் தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

குளம் நீலமாக இருந்தது. அடியில் பதித்த ஒவ்வொரு ஓடும் தெரிந்தது, ஆழமான பக்கத்தில்கூட. அதனாலேயே எவ்வளவு ஆழம் என்று புரியவில்லை.

குனிந்து சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்தாள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குலுக்கினாள்.

இளஞ்சிவப்பு.

நிற அட்டையில் 'சரி' என்ற கட்டத்தின் அருகே வைத்துப் பார்த்தாள். அதே நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். அதே நிறம்தான்.

காலையிலிருந்து அவளுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம்.

சகாயராஜ் தாழ்ப்பாளில் கைவைத்தபடி கத்தினார்.

"தண்ணி எப்படிம்மா? தொறக்கவா?"

சிறுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் குழாயை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"சரியில்ல, சார்."

இந்த முறை குரல் எல்லோருக்கும் கேட்டது. வரிசை முணுமுணுத்தது. சிறுமியின் கை மெல்லத் தளர்ந்தது.

சகாயராஜ் தாழ்ப்பாளை விட்டார்.

"நாளைக்குச் சரியாயிருமா?"

அவள் ஆழமான பக்கத்தைப் பார்த்தாள்.