குறுக்குத் தையல்

மருத்துவமனை அறையில் காலை வெயில் மருந்துப் புட்டிக்குள் புகுந்து, குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கட்டிலில் நுரையீரல் காய்ச்சலோடு அக்காவின் மகள் தூங்க, பக்கத்தில் அக்கா சிறுமியின் பைஜாமாவுக்கு நாடா கோர்க்கிறாள். துணிக்குள் நெளிந்து நெளிந்து போன ஊக்கு பாதியில் நின்றுவிடுகிறது. "எவளோ குறுக்கால தையல் போட்டுத் தொலைச்சிருக்கா!" தங்கை அதையே கண்கொட்டாமல் பார்க்கிறாள். பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமை ஆராய்வதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. இரண்டு துண்டுகள், அவற்றின் நடுவே மரபுச் செய்தி இழை ஓடுகிறது. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, புரதத்தைக் கோர்த்து, பெரிய துண்டிலுள்ள சுரங்கம் வழியே வெளியே தள்ளுகிறது. புட்டியிலிருக்கும் மருந்து அந்தச் சுரங்கத்தில்தான் குறுக்கே உட்காரும்; புரதம் பாதியில் நின்று, கிருமி முடங்கும். நம் ரைபோசோமில் அதே இடத்தில் ஒரே ஓர் எழுத்து வேறு. அங்கே மருந்துக்குப் பிடி கிடைக்காது. "என்னமா கட்டியிருக்குக்கா அந்தக் கிருமி! அவ்வளவு அழகு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். "எம் பொண்ணைப் படுக்கையில தள்ளியிருக்கு. நல்லா இருக்குடி உன் ரசனை!" அக்காவின் குரல் உடைகிறது. கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரிக்கப் போகிறாள். "பிரிக்காதே! அந்த மருந்தும் கிருமிக்குள்ள இப்படித்தான் குறுக்கால தையல் போடுதுக்கா!" தங்கை தன்னை மறந்து கத்துகிறாள். சத்தத்தில் சிறுமி விழித்து, காலால் போர்வையை உதைக்கிறாள். "வேர்க்குது சித்தி." அக்கா அவள் நெற்றியில் கை வைக்கிறாள், காய்ச்சல் விட்டு, ஈரமாக, சில்லென்றிருக்கிறது. வைத்த கையை எடுக்காமலே, மறு கையால் கத்தரிக்கோலைத் தங்கையிடம் நீட்டுகிறாள். "இந்தா, நீயே வச்சுக்கோ. நான் பிரிக்கல."