முதல் கேள்வி

“அங்கிள், எங்கம்மா பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடக்காங்க. துணியெல்லாம் ரத்தம்.”

ஆறு வயதுக் குரல். பின்னால் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், மூலை மேசையில் இருந்தவன் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். மறு கை தடதடவென்று தட்டச்சு செய்தது. வண்டி கிளம்பிவிட்டதாகத் திரை காட்டியது.

“அம்மா கண்ணைத் திறந்து பாக்குறாங்களா?”

“கொஞ்சம் திறந்தாங்க. அப்புறம் மூடிட்டாங்க. பாப்பா பொறந்து போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலருந்து வந்தாங்க அங்கிள்.”

பிரசவத்துக்குப் பிறகு வருகிற ரத்தப்போக்கு என்றால் அந்த அறையில் எல்லோருக்கும் பயம்தான். குழாயைத் திறந்து விட்ட மாதிரி ஓடும். வண்டி போய்ச் சேருவதற்குள் எது வேண்டுமானாலும் நடந்துவிடலாம். அந்த வீட்டில் துணைக்கு இருப்பதோ இந்த வாண்டு ஒன்றுதான்.

“நான் சொல்றதை ஒண்ணொண்ணா செய்யணும். செய்வீங்களா?”

“ம்.”

“போனை ஸ்பீக்கர்ல போடுங்க. முதல்ல வாசக் கதவு. ஸ்டூல்ல ஏறி மேல் தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளுங்க. தூக்கினாதான் வரும்.”

ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நல்ல பிள்ளை. இப்ப தலகாணியெல்லாம் கொண்டு வந்து அம்மா கால் ரெண்டையும் மேல தூக்கி வைங்க. போர்வையைப் போர்த்துங்க. தம்பியைத் தூக்கி அம்மா மார்ல போடுங்க. அவன் பால் குடிச்சா ரத்தம் குறையும்.”

மூச்சு வாங்குவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் வீறல் சட்டென்று நின்றது. அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

“குடிக்கிறான் அங்கிள்.”

“அப்படியா? சரி. இப்ப அம்மா தொப்புளுக்குக் கீழ ரெண்டு கையையும் வச்சு, மாவு பிசையற மாதிரி நல்லா அழுத்தித் தேய்ங்க. வலிக்குதுன்னு அம்மா சொன்னாலும் விடாதீங்க.”

“வலிக்குதுன்னு சொல்லவே மாட்டேங்கறாங்க அங்கிள்.”

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “பரவாயில்ல. நீங்க தேய்ங்க,” என்றான். குரலில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி முகவரி. ஊரே பற்றி எரிந்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். புதிதாக வருகிறவர்களுக்குக் காதைத் திருகாத குறையாக அதைச் சொல்லிக்கொடுக்கிற சூப்பர்வைசர் அக்கா, அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பல்லைக் கடித்தாள்.

“அட்ரஸ் கேட்டியாடா? பெரியவங்க யாராவது இருக்காங்களான்னாவது கேட்டியா? தூங்கிட்டா இருக்கே?”

அவன் திரும்பவில்லை. அவளே எட்டித் திரையைப் பார்த்தாள். முகவரி இருந்தது. முந்தாநாள்தான் குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்த வீடு.

“ஐயையோ,” என்றாள். உடனே ஹெட்போனுக்குக் கை நீட்டினாள். சொந்த வீட்டு அழைப்பை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும், அதுவும் சட்டம்தான்.

அவன் முடியாது என்று தலையை ஆட்டினான்.

குரல் மாறினால் பிள்ளை மிரண்டுவிடும். நான்தான் அப்பா என்று சொன்னாலோ, கெட்டது போ. கீழே விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் கல்லு மாதிரி நிற்பாள். அவன் முகத்தைக் கண்டதும்தான் ஓவென்று அழுது கீழே உட்கார்ந்துவிடுவாள். இப்போது உட்கார்ந்தால் அவள் அம்மா போய்விடுவாள்.

காலையில் மனைவி, “லேசா தலை சுத்துது, ஒண்ணுமில்ல, நீ கிளம்பு,” என்றாள். கிளம்பி வந்துவிட்டான், பாவி.

அதனால் அங்கிளாகவே இருந்தான். முன்பொரு நாள், அம்மா பிஸ்கட் தரவில்லை என்று இதே எண்ணுக்குப் புகார் செய்தவளை அவன்தான் உருட்டி மிரட்டி வைத்திருந்தான். அது ஊருக்கான போன், அதில் அப்பா என்று யாரும் கிடையாது, எடுக்கிறவர்கள் எல்லோரும் அங்கிள்தான் என்று. இந்த ஆபீஸ் குரலை வீட்டில் யாரும் கேட்டதில்லை. நல்லவேளை, பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை.

“கை வலிக்குது அங்கிள்.”

“தெரியும்மா. விடாதீங்க. வண்டி வந்துடும்.”

“அம்மா கை ஜில்லுன்னு இருக்கு.”

“தேய்ங்கம்மா. தேய்ச்சுக்கிட்டே இருங்க.”

அக்கா அவன் தோளில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

கதவு சுவரில் மோதியது. கனத்த காலடிகள். “நாடி இருக்கு, ரொம்ப மெல்லிசா இருக்கு, தூக்கு தூக்கு,” என்று யாரோ கத்தினார்கள். ஸ்ட்ரெச்சர் கடகடவென்று விரிந்தது.

பிறகு போனுக்கு வெகு அருகில் ஒரு சின்ன மூச்சு.

“அவங்க வந்துட்டாங்க. கையை எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“சமத்து,” என்றான்.

“இப்ப உங்களை அப்பான்னு கூப்பிடலாமா, அங்கிள்?”

அவன் மைக்கை வாயருகே இழுத்தான்.

“கூப்பிடுடா கண்ணு.”

அவ்வளவுதான். அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.