எண்பது மீட்டர் வெளிச்சம்

"எண்பது மீட்டர் தூரத்துல ஒரு ஆள் நடந்து போனா, இந்த வெளிச்சத்துல தெரியுமா?"

கிளெனிஸ் நிமிர்ந்து பார்த்தாள். மெரிண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருபத்திரண்டு வருடமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறாள். முகப்பு விளக்கைச் சரிசெய்ய வருகிறவர்கள் எல்லோரும் குறுக்கே பாயும் கங்காரு தெரியுமா என்றுதான் கேட்பார்கள். ஆள் தெரியுமா என்று கேட்ட முதல் மனிதர் இவர்தான்.

அறுபது வயது இருக்கும். லெஸ்டர் கோயின் என்று பெயர் சொன்னார், ஊர் சொல்லவில்லை. வண்டியை ஓட்டி வராமல் பிக்கப் வேனின் பின்தட்டில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். விளக்கைப் போட்டுக் காட்டச் சொன்னபோது சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தடவித் தேடினார்.

விளக்கின் முகம் வெயிலில் மஞ்சளாகி, பால் படிந்ததுபோல் மங்கிக் கிடந்தது. "இதுக்கு ஒரு மெழுகுவத்தியை ஏத்தி முன்னாடி கட்டியிருக்கலாம்" என்றாள் கிளெனிஸ். அவர் சிரிக்கவில்லை.

"இவ்வளவுதான் இருந்திருக்கு வெளிச்சம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவள் வேலையைத் தொடங்கினாள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் குழம்பாக வழிந்தது. உள்ளே, வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளிக் கிண்ணத்தில் படிந்திருந்த தூசியைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது, பல்புக்குப் பத்துதான் வந்து சேர்ந்தது. பழைய ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேட்டரியிலிருந்தே நேராகத் தடித்த ஒயர் இழுத்தாள்.

எல்.ஈ.டி. பல்பு போட முடியுமா என்று அவர் கேட்டார். இந்தக் கிண்ணத்துக்கு அது ஒத்துவராது, எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்குமே தவிர சாலையில் தூரம் போகாது என்று அவள் விளக்கினாள். தூரம் போவது எதுவோ அதைப் போடுங்கள் என்றார், விலை கேட்காமல்.

விளக்கைச் சுற்றியிருந்த குரோம் வளையத்தில் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். அதைத் தட்டி எடுக்க ரப்பர் சுத்தியலை எடுத்தாள். "கங்காருவா?"

"இல்லை" என்றார். "அதைத் தொடாதீங்க."

அந்தக் குரலைக் கேட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தாள். அப்போதுதான் டேங்குக்கு அடியில், பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் சீட்டு கண்ணில் பட்டது. எண்ணும் தேதியும் பேனாவால் எழுதியிருந்தன. போன வருட மார்ச் மாதத் தேதி. அந்தச் சீட்டை அவளுக்குத் தெரியும். உயிர் போன விபத்தில் பிடித்த வண்டிகளுக்குப் போலீஸ் ஒட்டுவது அது.

பட்டறையில் வேறு யாரும் இல்லை. போலீஸ் நிலையம் எழுபது கிலோமீட்டர் தள்ளி. அவள் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்து, அதைக் கீழே வைக்காமலே மீதி வேலையை முடித்தாள்.

"கருநீல ஸ்வெட்டர் போட்டிருந்தாக்கூடத் தெரியுமா?" என்று கேட்டார் அவர். கிளெனிஸ் அவருக்கு முதுகைக் காட்டாதபடி நகர்ந்து நின்றாள்.

ஜூன் மாதம், அங்கே குளிர்காலம், ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு விளக்கின் உயரத்தைச் சரிசெய்தாள். ஓட்டிப் பார்க்கச் சொன்னபோது மாட்டேன் என்று தலையசைத்தார். வண்டியைச் சாலையைப் பார்த்து நிறுத்தி விளக்கைப் போடும்படியும், தான் கண்ணுக்கு மறையும்வரைக்கும் ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

பிறகு சாலையோரமாக நடந்தார். முதுகை அவளுக்குக் காட்டி, அவசரமில்லாமல், வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. அவள் ஹாரன் அடித்தாள். முதல் வெள்ளைக் கம்பத்தைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். தோள், சட்டையின் மடிப்பு, நரைத்த பின்னந்தலை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எண்பது மீட்டர் தாண்டியும் தெரிந்தார். அங்கே ஒருமுறை நின்றார். திரும்பிப் பார்க்காமல் வெகுநேரம் நின்றார்.

அவர் திரும்பி வருவதற்குள் கிளெனிஸ் சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இதைக் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும், லெஸ்டர். இந்த வண்டி ஒரு ஆளைக் கொன்னிருக்கு. ஆமாவா இல்லையா?"

"ஆமா."

"நீங்களா ஓட்டினீங்க?"

"இல்லை. இருபத்திமூணு வயசுப் பையன் ஒருத்தன். வெளிச்சம் பத்தலை, கண்ணுக்கே தெரியலைன்னு கோர்ட்டுல அழுதான். திங்கக்கிழமை அவனுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்குது. விடியறதுக்கு முன்னாடி இதே வண்டியில, அதே ரோட்டுலதான் வேலைக்குப் போகணும். வேற வண்டி வாங்க அவனுக்கு வழியில்லை."

ஸ்பேனரைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. பிள்ளை செய்த தப்புக்குத் தலைகுனிந்து வந்து நிற்கும் அப்பாக்களை அவள் பார்க்காதவள் அல்ல. சாவியை நீட்டினாள்.

"உங்க பையனா?"

லெஸ்டர் சாவியை வாங்கிக்கொண்டார்.

"இல்லை. செத்துப்போனது என் பொண்ணு."