டயர் வாசனை

“உயிரோட இருக்கிற அப்பாவை இப்படிக் கொன்னு வெச்சிருக்கியே, வெட்கமா இல்ல உனக்கு?”

டீச்சர் கேட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

போர் நினைவு நாளுக்காக ஆளுக்கொரு கதை எழுதச் சொல்லியிருந்தார் டீச்சர். இவள் எழுதிய கதையில், குண்டடிபட்டு அப்பா நடுத்தெருவில் சாகிறார். யாரோ ஒரு ஆள் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடி, அடுக்கி வைத்த லாரி டயர்களுக்குள் இறக்கிவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்து மறைத்துக்கொள்கிறான்.

“நிஜமாவே அப்பாவைப் பறிகொடுத்தவங்க எத்தனை பேர் இருக்காங்க! அவங்க துக்கத்தைத் திருடிக் கைத்தட்டல் வாங்கப் பார்க்கிறியா?”

“இல்ல டீச்சர்... அடிக்கடி கனவுல வரும். அதான் எழுதினேன்.”

“கனவாம், கனவு! நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. அவர் முன்னாடியே படிச்சுக் காட்டு.”

மறுநாள் ஆசிரியர் அறைக்கு அப்பா வந்தார். பஞ்சர் கடைக்காரர். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகாத கரி கையில். கதைக்குள் டயர் எப்படி வந்தது என்பது டீச்சருக்குப் புரிந்துவிட்டது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

பெண் திக்கித் திணறிப் படித்தாள். “உள்ளே ஒரே ரப்பர் வாசனை. குழந்தை அழப் பார்த்தது. மேலே இருந்தவன் ஒரு விரலை மட்டும் உள்ளே நீட்டினான். குழந்தை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.”

முடியும்வரை அவர் நிமிரவே இல்லை. கூனிக் குறுகி நின்ற அந்த மனிதரைப் பார்க்க டீச்சருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. கூப்பிட்டிருக்க வேண்டாமோ?

“நீ வெளியில நில்லும்மா,” என்றார் அப்பா, மகளிடம்.

அவள் போனதும் டீச்சரே ஆரம்பித்தார். “மனசுல வெச்சுக்காதீங்க. சின்னப் பொண்ணு, ஏதோ பொய்யா...”

“பொய் இல்ல டீச்சர். அவளை இனிமே எதுவும் கேட்காதீங்க. கனவுன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்.”

நேற்று, அத்தனை பேர் நடுவில், ‘வெட்கமா இல்ல?’ என்று கேட்ட தன் குரலே டீச்சரின் காதில் வந்து அறைந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவர் கரி படிந்த ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“இந்த விரலைத்தான் அவ பிடிச்சிருந்தா.”